அமெரிக்க மாதிரி: பிலடெல்பியாவும் திருவிதாங்கூரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சிமுறையைப் பற்றிப் பாட நூல்களில் நாம் படிப்பது பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. சட்டம் இயற்றக் காங்கிரஸ். நிர்வாகம் நடத்த ஜனாதிபதி. நீதி வழங்க உச்ச நீதிமன்றம். தேர்வு எழுத இவ்வளவு போதும். ஆனால் நாம் படிக்கும் இந்தத் திருவனந்தபுரத்தில், 1946-ஆம் ஆண்டில், ‘அமெரிக்க மாதிரி’ என்பது தேர்வுக் கேள்வியாக இருக்கவில்லை. தெருவில் முழங்கிய கோஷமாக இருந்தது. “அமெரிக்கன் மாடல் அரபிக் கடலில்” என்று தொழிலாளர்கள் மலையாளத்தில் முழக்கமிட்டனர். அந்த மாதிரியைக் கடலில் எறிய வேண்டும் என்பது அதன் பொருள். அந்த முழக்கத்துக்காக உயிர் துறந்தவர்களும் உண்டு.

அவர்கள் எறிய விரும்பியது உண்மையிலேயே அமெரிக்க ஆட்சிமுறைதானா? அல்லது அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு வந்த வேறொன்றா? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அமெரிக்க அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துக்களையும் நிறுவனங்களையும் முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு நம் ஊர் வரலாற்றுக்குத் திரும்புவோம். அரசியல் பாடம் படிக்கும் நண்பர்களுக்கு மட்டுமன்றி, வாக்குச் சீட்டுக்கு உரிய வயதை எட்டிய எல்லா நண்பர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

1. மூன்று அதிகாரங்களும் ஒரு கையும்

அதிகாரப் பிரிவினை என்னும் தத்துவத்தை 1748-இல் வெளிவந்த ‘சட்டங்களின் ஆன்மா’ என்ற நூலில் பிரெஞ்சு அறிஞர் மாந்தெஸ்கியு விளக்கினார். சட்டம் இயற்றுதல், அதைச் செயற்படுத்துதல், அதன்படி வழக்குத் தீர்த்தல் ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடமோ ஒரே குழுவிடமோ சேர்ந்தால் குடிமக்களுக்குச் சுதந்திரம் இராது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்தத் தத்துவத்தை நான் நூலில் படிப்பதற்கு முன்பே வேறொரு வகையில் அறிந்திருந்தேன். என் பாட்டனார் காலந்தொட்டு எங்கள் குடும்பம் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தது. நெடுமங்காடு தாலுகாவில், விதுரையைத் தாண்டி, அகத்தியர் மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. அகத்தியர்கூடத்துக்கு ஏறுகிறவர்கள் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். பழைய தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பாட்டனார் பேசும்போதெல்லாம், “துரை சொன்னதுதான் சட்டம், துரை பார்த்ததுதான் கணக்கு, துரைகிட்டதான் கேஸு” என்பார். நாளொன்றுக்கு இத்தனை ராத்தல் கொழுந்து பறிக்க வேண்டும் என்று விதி வகுத்தவர் துரை. அந்த விதிப்படி வேலை வாங்கியவர்கள் துரையின் கீழிருந்த கங்காணியும் கணக்குப்பிள்ளையும். எடையில் குறைத்து எழுதிவிட்டார்கள் என்று ஒரு பெண் முறையிட வேண்டுமானால், அவள் போய் நிற்க வேண்டிய இடமும் துரையின் அலுவலக வாசல்தான்.

துரை நல்லவராக இருந்தால் நியாயம் கிடைத்திருக்கும். அப்படி நியாயம் கிடைத்த கதைகளையும் பாட்டனார் சொன்னதுண்டு. ஆனால் அந்த நியாயம் துரையின் குணத்தைப் பொறுத்தது. முறையிட்டவளின் உரிமையைப் பொறுத்ததன்று. மாந்தெஸ்கியு சொன்னது இதைத்தான். ஆள்பவர் நல்லவரா கெட்டவரா என்று பார்த்துக்கொண்டிராமல், கெட்டவர் வந்தாலும் தீங்கு செய்ய இயலாதபடி அதிகாரத்தைப் பிரித்து வைக்க வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பின் முதற் கருத்து இதுவே.

2. பிலடெல்பியாவில் கூடியவர்கள்

1776-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பதின்மூன்று குடியேற்றங்களும் பிரிட்டிஷ் மன்னரிடமிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்தன. தாமஸ் ஜெபர்சன் முதன்மையாக வரைந்த அந்தப் பிரகடனத்தில் இரண்டு கருத்துக்கள் முக்கியமானவை. மனிதர்களுக்குப் பிறப்பிலேயே சில உரிமைகள் உண்டு என்பது ஒன்று. ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்தே அரசு தன் அதிகாரத்தைப் பெறுகிறது என்பது மற்றொன்று. ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக்கின் சிந்தனை இவற்றின் பின்னால் இருக்கிறது.

விடுதலைக்குப் பின் அவர்கள் அமைத்துக்கொண்ட முதல் ஏற்பாடு மிகத் தளர்வான ஒரு கூட்டணி. 1781-இல் நடைமுறைக்கு வந்த அந்தக் கூட்டணிக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. தனி நிர்வாகத் தலைவர் இல்லை. தேசிய நீதிமன்றங்கள் இல்லை. விதிகளைத் திருத்தப் பதின்மூன்று மாநிலங்களும் ஒருமுகமாக இசைய வேண்டும். போர்க் கடன் அடையவில்லை. 1786-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடனாலும் வரியாலும் நொந்த விவசாயிகள் டேனியல் ஷேஸ் என்பவர் தலைமையில் கிளர்ந்தெழுந்தபோது, அதை அடக்க அந்தக் கூட்டணி அரசிடம் வலுவில்லை.

ஆகவே 1787-ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியா நகரில் ஒரு மாநாடு கூடியது. ரோட் தீவு நீங்கலாகப் பன்னிரண்டு மாநிலங்களிலிருந்து 55 பேர் வந்தனர். ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை வகித்தார். ஜேம்ஸ் மாடிசன் நாள்தோறும் விவாதங்களைக் குறித்து வைத்தார். கதவுகளை அடைத்துக்கொண்டு, ஏறக்குறைய நான்கு மாதம் விவாதித்து, செப்டம்பர் 17-ஆம் நாள் 39 பேர் கையெழுத்திட்டனர்.

மாநாட்டின் பெரிய சண்டை, பெரிய மாநிலங்களுக்கும் சிறிய மாநிலங்களுக்கும் இடையே எழுந்தது. மக்கள் தொகைப்படி இடம் வேண்டும் என்றன பெரியவை. மாநிலத்துக்குச் சம இடம் வேண்டும் என்றன சிறியவை. முடிவில் இரண்டு சபைகள் என்று சமரசம் ஆயிற்று. பிரதிநிதிகள் சபையில் மக்கள் தொகைப்படி இடம். செனட் சபையில் மாநிலத்துக்கு இரண்டு இடம். இன்றும் ஏறத்தாழ 3.9 கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும், 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் செனட்டில் தலா இரண்டு பேரே. நம் ராஜ்ய சபை அப்படியன்று: உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, கேரளத்துக்கு 9 என்று மக்கள் தொகையை ஒட்டியே இடங்கள் பகிரப்பட்டுள்ளன.

மற்றொரு சமரசம் வெட்கத்துக்குரியது. அடிமைகளை மக்கள் தொகையில் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடுவது என்று முடிவு செய்தார்கள். அடிமைக்கு வாக்கில்லை, அவனைக் காட்டி எசமானுக்கு அதிக இடம்! 1808-க்கு முன் அடிமை இறக்குமதியைத் தடுக்கலாகாது என்றும் எழுதிவைத்தார்கள். 1790-இல் எடுத்த முதல் மக்கட் கணக்கில் 39 லட்சம் பேரில் கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் அடிமைகள். பிறப்புரிமை பேசிய பிரகடனத்துக்குப் பதினோராண்டு கழித்து இவ்வாறு எழுதினார்கள் என்பதை, அமெரிக்காவைப் புகழும்போதும் நாம் மறக்கலாகாது.

ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் நடைமுறைக்கு வரும் என்பது விதி. ஒன்பதாவதாக நியூ ஹாம்ஷயர் 1788 ஜூன் மாதம் ஏற்றது. நியூயார்க் மக்களை இணங்கவைக்க அலெக்சாண்டர் ஹாமில்டன், மாடிசன், ஜான் ஜே ஆகிய மூவரும் புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள் ‘பெடரலிஸ்ட்’ என்ற பெயரில் இன்றும் அரசியல் மாணவர்களால் படிக்கப்படுகின்றன. பத்திரிகைக் கட்டுரைகள் பாட நூலாகிவிட்ட அரிய நிகழ்ச்சி அது. 1789-இல் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றார்.

3. ஒன்றையொன்று தடுக்கும் உறுப்புகள்

அமெரிக்க அரசியலமைப்பு மிகச் சிறியது. மூலத்தில் ஏழே பிரிவுகள். பின்னர் 27 திருத்தங்கள். அவ்வளவே. முதல் மூன்று பிரிவுகளும் முறையே காங்கிரஸ், ஜனாதிபதி, நீதிமன்றம் பற்றியவை.

காங்கிரஸ் என்ற சொல் நம் நாட்டில் ஒரு கட்சியைக் குறிக்கும். அங்கே அது பாராளுமன்றத்தைக் குறிக்கும். பிரதிநிதிகள் சபையில் 435 பேர். இரண்டாண்டுக்கு ஒரு முறை தேர்தல். செனட்டில் 100 பேர், ஆறாண்டுப் பதவி, இரண்டாண்டுக்கு ஒரு முறை மூன்றிலொரு பங்கினர் தேர்தலைச் சந்திக்க வேண்டும். முதலில் செனட்டர்களை மாநிலச் சட்டசபைகளே தேர்ந்தெடுத்தன. 1913-இல் வந்த 17-ஆம் திருத்தத்துக்குப் பிறகே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஜனாதிபதிக்கு நான்காண்டுப் பதவி. 1951-இல் நிறைவேறிய 22-ஆம் திருத்தத்தின்படி இரு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட இயலாது. மக்கள் வாக்களித்தாலும், சட்டப்படி அவரைத் தேர்ந்தெடுப்பது 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு. 270 வாக்குகள் பெற்றவர் வெல்வார். மக்கள் வாக்கில் பின்தங்கியவர் ஜனாதிபதியாவதற்கு இம்முறை இடம் தருகிறது. 2000-இலும் 2016-இலும் அவ்வாறே நடந்தது.

இனி, பிரிவினையைக் காட்டிலும் நுட்பமான கருத்து ஒன்று உண்டு. அதைத் தடைகளும் எதிர்த்தடைகளும் என்று சொல்லலாம். மூன்று உறுப்புகளையும் தனித்தனியே வேலி கட்டிப் பிரித்துவிடாமல், ஒவ்வொன்றின் கையிலும் மற்றொன்றைத் தடுத்து நிறுத்தும் ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறார்கள். காங்கிரஸ் இயற்றும் மசோதாவை ஜனாதிபதி மறுக்கலாம். இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் மீண்டும் நிறைவேற்றினால் அந்த மறுப்பு செல்லாது. ஜனாதிபதி அமைச்சர்களையும் நீதிபதிகளையும் தூதர்களையும் நியமிப்பார். செனட் இசைய வேண்டும். உடன்படிக்கை செய்வார், செனட்டில் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். படைகளுக்கு அவரே தலைவர். போர் அறிவிக்கும் உரிமையும் பண ஒதுக்கீடும் காங்கிரசினுடையவை. கடுங்குற்றம் செய்த ஜனாதிபதிமீது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டலாம். செனட் விசாரித்து மூன்றில் இரு பங்கு வாக்கால் நீக்கலாம்.

1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998-இல் பில் கிளின்டன், 2019-இலும் 2021-இலும் டொனால்டு டிரம்ப் ஆகியோர்மீது இவ்வாறு குற்றம் சாட்டப்பட்டது. ஒருவரையும் செனட் நீக்கவில்லை. ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார். ரிச்சர்டு நிக்சன், குற்றச்சாட்டு சபையில் நிறைவேறுமுன் 1974 ஆகஸ்டில் தாமே பதவி விலகினார்.

நீதிமன்றத்தின் கதை இன்னும் சுவையானது. நீதிபதிகள் நல்லொழுக்கத்துடன் நடக்கும்வரை பதவியில் இருப்பார்கள்; ஓய்வு வயது கிடையாது. ஆனால் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளலாமா? அரசியலமைப்பில் இது வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1801-இல் மார்பரி என்பவர் தமக்குரிய நியமன ஆணையைத் தரவில்லை என்று மாடிசன்மீது வழக்குத் தொடர்ந்தார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், ஆணை பெற மார்பரிக்கு உரிமை உண்டு என்றார். ஆனால் அவ்வழக்கை நேரே உச்ச நீதிமன்றத்தில் தொடர வழிசெய்த சட்டப் பகுதி அரசியலமைப்புக்கு முரணானது, ஆதலால் செல்லாது என்று 1803-இல் தீர்ப்பளித்தார். சிறியதோர் அதிகாரத்தை வேண்டாமென்று தள்ளி, மிகப் பெரியதோர் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தேடிக்கொண்டார் எனலாம். நம் அரசியலமைப்பில் 13-ஆம் ஷரத்து இந்த அதிகாரத்துக்கு வெளிப்படையாகவே இடம் தருகிறது. அதற்கும் ஒரு படி மேலே சென்று, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டுக்கோப்பைத் திருத்தத்தால்கூடச் சிதைக்க முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1973-இல் கூறிய வழக்கு, கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடர்ந்ததே.

4. மையமும் மாநிலமும்: ஆலைச் சிறுவர்களின் வழக்கு

அதிகாரத்தை மூன்று துறைகளாகக் குறுக்கே வெட்டியதோடு, மைய அரசு மாநில அரசு என்று மேலும் கீழுமாகவும் வெட்டினார்கள். இதுவே கூட்டாட்சி. மையத்துக்கென எழுதிக் கொடுத்தவை போக எஞ்சிய அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்பது 10-ஆம் திருத்தம். இந்தியாவில் எஞ்சிய அதிகாரம் மையத்துக்கே.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டா. ஆலைகளில் வேலை செய்த சிறுவர்களின் வாழ்வு இந்தக் கோட்டின்மேல் தொங்கியது. 1916-இல் காங்கிரஸ், சிறுவர் உழைப்பால் செய்த பொருள்கள் மாநிலம் விட்டு மாநிலம் செல்லக்கூடாது என்று சட்டம் செய்தது. வட கரோலினாவில் பஞ்சாலையில் வேலை செய்த தன் பிள்ளைகளின் சார்பாக ஒரு தந்தை வழக்குத் தொடர்ந்தார். 1918-இல் உச்ச நீதிமன்றம், உற்பத்தி என்பது மாநிலத்தின் அதிகாரம், மையத்தின் வாணிப அதிகாரம் அதுவரை எட்டாது என்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அச்சட்டத்தைத் தள்ளியது. பிறகு 1938-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் குறைந்த கூலியும் வேலை நேர வரம்பும் சிறுவர் உழைப்புத் தடையும் கொண்ட சட்டம் வந்தது. 1941-இல் அதை உச்ச நீதிமன்றம் ஒருமுகமாக ஏற்று, 1918-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் நீக்கியது. அரசியலமைப்பின் வாணிப விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பொருள்தான் மாறிற்று. இடையில் 23 ஆண்டுகள் கழிந்தன. 1918-இல் ஆலையில் நின்ற சிறுவன் அதற்குள் வளர்ந்து பெரியவனாகிவிட்டான்.

தோட்டத்துப் பிள்ளையாகிய நான் கவனித்த ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறைந்த கூலி, வயலில் உழைப்பவர்களுக்குக் கிடைக்கவில்லை. சங்கம் அமைக்கும் உரிமைக்குப் பாதுகாப்புத் தந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டமும் விவசாயத் தொழிலாளரை விட்டுவிட்டது. தென்மாநில வயல்களில் உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் கறுப்பின மக்கள். அந்த மாநிலங்களின் உறுப்பினர்கள் காங்கிரசில் செல்வாக்குடன் இருந்தார்கள். 1966-இல்தான் விவசாயத் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்குக் குறைந்த கூலி நீட்டிக்கப்பட்டது. தடைகள் நிறைந்த ஆட்சிமுறை கொடுமையைத் தடுக்கும். சில வேளைகளில் நன்மையையும் அதே வலிமையோடு தடுக்கும்.

5. உரிமைகளும் திருத்தங்களும்

தனிமனித உரிமைப் பட்டியல் இல்லாமலே அரசியலமைப்பு எழுதப்பட்டது. பல மாநிலங்கள் இக்குறையைச் சுட்டிக்காட்டவே, முதற் பத்துத் திருத்தங்கள் 1791-இல் சேர்க்கப்பட்டன. பேச்சு, பத்திரிகை, மதம், கூட்டம் கூடுதல் ஆகிய உரிமைகளும், முறையான விசாரணை இன்றித் தண்டிக்கப்படாத உரிமையும் இவற்றில் அடங்கும்.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. 1868-இல் சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பும், 1870-இல் நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்ற விதியும் வந்தன. பெண்களுக்கு வாக்குரிமை 1920-இல் வந்தது. ஆனால் எழுத்து வேறு, நடப்பு வேறு. பள்ளிகளில் நிறப்பாகுபாடு செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துச் செல்ல ஜனாதிபதி ஐசனோவர் இராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் பரவலாக வாக்களிக்க 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தேவைப்பட்டது. 1870-க்கும் 1965-க்கும் இடையே 95 ஆண்டுகள்! உரிமையை எழுதிவைப்பது பாதி வேலை. அதைக் கேட்டு வாங்குகிற மக்கள் மறுபாதி.

6. திருவிதாங்கூரின் ‘அமெரிக்க மாதிரி’

இனி நம் ஊருக்கு வருவோம். 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் சர் சி. பி. ராமசுவாமி ஐயர். வந்தவாசியில் பிறந்த தமிழர். பெரும் சட்ட அறிஞர். ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936-இல் வெளிவந்ததும், 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அவர் காலத்தில்தான். அப்பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவரே. ஆகவே அமெரிக்க அரசியலமைப்பை அறியாமல் அவர் பேசினார் என்று யாரும் சொல்ல முடியாது.

1946-இல் அவர் முன்வைத்த சீர்திருத்தத்தின் சாரம் இது. வயது வந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் சட்டசபை அமையும். ஆனால் நிர்வாகத் தலைவராகிய திவானை மகாராஜா நியமிப்பார். சட்டசபை அவரை நீக்க முடியாது. அமெரிக்காவிலும் காங்கிரஸ் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் ஜனாதிபதியை இறக்க முடியாதல்லவா? எனவே இது அமெரிக்க மாதிரி என்று வாதிக்கப்பட்டது.

மேலே நாம் படித்ததைக் கொண்டு இந்த வாதத்தை எடைபோடுவோம். அமெரிக்க ஜனாதிபதியைச் சட்டசபை எளிதில் நீக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அவரை அமர்த்துவது மக்கள்; நான்காண்டு முடிந்ததும் அவர் மக்கள் முன் மீண்டும் நிற்க வேண்டும். திவானை அமர்த்துவது மன்னர். அவர் மக்கள் முன் நிற்க வேண்டிய நாள் என்று ஒன்றில்லை. அமெரிக்க ஜனாதிபதி குற்றம் செய்தால் காங்கிரஸ் விசாரித்து நீக்கலாம். திவானை நீக்கும் உரிமை சட்டசபைக்கு இல்லை. அமெரிக்காவில் எல்லா அதிகாரத்துக்கும் ஊற்று மக்கள். திருவிதாங்கூரில் அது அரண்மனை. மூன்று கால்களில் நிற்கும் முக்காலியிலிருந்து ஒரு காலை மட்டும் பிடுங்கி வந்து, இதுதான் முக்காலி என்று காட்டியது போலாயிற்று. பிலடெல்பியாவில் நிர்வாகத்தைச் சட்டசபையிடமிருந்து தனியே நிறுத்தியது, அதிகாரம் ஓரிடத்தில் குவியாதிருக்க. திருவிதாங்கூரில் அதே ஏற்பாடு, குவிந்திருந்த அதிகாரம் கலையாதிருக்கப் பயன்பட்டது.

ஆலப்புழை, சேர்த்தலைப் பகுதிகளில் கயிற்றுத் தொழிலாளர்கள் கூலிக் கோரிக்கைகளோடு, திவான் ஆட்சி ஒழிய வேண்டும், பொறுப்பாட்சி வேண்டும் என்ற கோரிக்கைகளையும் சேர்த்துக் கம்யூனிஸ்டுத் தலைமையில் போராடினார்கள். 1946 அக்டோபர் 24-இல் புன்னப்புரையிலும், 27-இல் வயலாரிலும் இரத்தம் சிந்தியது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கை பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1947 ஜூன் மாதம் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25-இல் அவர்மீது கொலை முயற்சித் தாக்குதல் நடந்தது. சில நாட்களில் சமஸ்தானம் இந்திய யூனியனில் சேர இசைந்தது. ஆகஸ்டில் அவர் பதவி விட்டு நீங்கினார். செப்டம்பர் 4-இல் மகாராஜா பொறுப்பாட்சியை அறிவித்தார். 1948 தொடக்கத்தில் வயது வந்தோர் வாக்குரிமையில் தேர்தல் நடந்து, மார்ச்சில் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் மந்திரிசபை அமைந்தது.

7. நிலைப்பா, பொறுப்பா?

அப்படியானால் கலப்பற்ற அமெரிக்க முறையை, மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவரோடு, நாம் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? 1948 நவம்பர் 4-இல் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் இதற்கு விடை சொன்னார். ஆட்சிக்கு நிலைப்பும் வேண்டும், பொறுப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் தரும் முறை இல்லை. அமெரிக்க முறை நிலைப்பை அதிகம் தருகிறது. பாராளுமன்ற முறை பொறுப்பை அதிகம் தருகிறது. நாம் பொறுப்பைத் தேர்ந்தெடுத்தோம் என்பது அவர் கூற்றின் கருத்து.

இந்தத் தேர்வின் விலையையும் பயனையும் திருவிதாங்கூர்த் தமிழர்கள் விரைவிலேயே கண்டார்கள். தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று நேசமணி முதலியோரின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய காலம். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. அப்போது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்டு மந்திரிசபை, காங்கிரசின் வெளி ஆதரவோடு ஆட்சியில் இருந்தது. மந்திரிசபை விலக வேண்டும் என்று அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கோரினார். மந்திரிசபை விலகவில்லை. ஆனால் 1955 பிப்ரவரியில் அது சட்டசபையின் நம்பிக்கையை இழந்து இறங்கியது. ஆறே மாதம்! வாட்டர்கேட் நிகழ்ச்சிக்கும் நிக்சன் விலகலுக்கும் இடையே ஈராண்டுக்கு மேல் சென்றது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறு பக்கமும் உண்டு. 1948 மார்ச் முதல் 1956 மார்ச் வரை எட்டாண்டுகளில் திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் ஐவர் முதன்மை மந்திரிகளாக இருந்தனர். அவருள் பட்டம் இரு முறை வந்தார். முடிவில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. அதே எட்டாண்டில் அமெரிக்காவில் ட்ரூமன், ஐசனோவர் என்று இருவரே. அம்பேத்கர் சொன்ன தராசின் இரு தட்டுகளும் இங்கே கண்ணுக்குத் தெரிகின்றன. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. போனக்காடும் நெடுமங்காடும் கேரளத்தில் நின்றன.

8. எந்தக் கதவைத் தட்டுவது?

இவ்வளவும் படித்து நமக்கு என்ன பயன் என்று சில நண்பர்கள் கேட்கலாம். எங்கள் ஊரைக் கொண்டே சொல்கிறேன். ஒரு தோட்டம் நலிந்து கூலி நிலுவையாகிறது. லயத்தின் கூரை ஒழுகுகிறது. யாரிடம் போவது? போனக்காடு விதுரை ஊராட்சியைச் சேர்ந்தது. அருவிக்கரை சட்டமன்றத் தொகுதியிலும் ஆற்றிங்கல் மக்களவைத் தொகுதியிலும் அடங்கியது. தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மையமும் மாநிலமும் சட்டம் செய்யலாம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றியது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநில அரசிடம் இருந்தது. 2020-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டுள்ளது.

அந்த 1951-ஆம் ஆண்டுச் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைத் தரும் கடமையைத் தோட்ட உரிமையாளர்மேல் வைத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் வேறிடங்களில் அரசோ ஊராட்சியோ செய்யும் காரியங்களை இங்கே ஒரு தனியார் செய்ய வேண்டியதாயிற்று. அவரை வாக்கால் அமர்த்தவும் முடியாது, வாக்கால் இறக்கவும் முடியாது. தோட்டம் முடங்கினால் கூலியோடு வீடும் மருத்துவமும் சேர்ந்து முடங்குகின்றன. நீக்க முடியாத நிர்வாகம் என்றால் என்னவென்று லயத்தில் வாழ்பவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் எந்தக் கதவு எதற்கு என்று தெரியாதவர், எல்லாக் கதவுகளையும் தட்டிக் களைத்துப் போவார். ஊராட்சி உறுப்பினரிடம் கேட்க வேண்டியதை மக்களவை உறுப்பினரிடம் கேட்டால், “என் அதிகாரத்தில் இல்லை” என்ற ஒற்றை வாக்கியத்தோடு திரும்ப வேண்டியதுதான். தொழிலாளர் அலுவலரிடம் மனு, சட்டமன்றத்தில் கேள்வி, நீதிமன்றத்தில் வழக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு கருவிகள். ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது. இந்த அறிவை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் முதல் தலைமுறை மாணவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம்.

ஆகவே, நண்பர்களே, எந்த நாட்டின் ஆட்சி முறையைப் படித்தாலும் அதன் பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டா, வெறுக்கவும் வேண்டா. நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆள்பவரை அமர்த்துவது யார்? தவறினால் அவரை இறக்குவது யார், எவ்வளவு நாளில்? அவர் மீறும்போது தடுத்து நிறுத்தும் கை எது? யாரைக் கணக்கில் சேர்க்காமல் இந்த ஏற்பாடு எழுதப்பட்டது? 1787-ஆம் ஆண்டுப் பிலடெல்பியா முதல் மூன்று கேள்விகளுக்குச் சிந்தித்து விடை எழுதியது, நான்காவதில் சறுக்கியது, அதைச் சரிசெய்ய ஓர் உள்நாட்டுப் போரும் நூறாண்டுப் போராட்டமும் வேண்டியிருந்தன. 1946-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் நான்காவது கேள்விக்கு வாக்குரிமையால் ஓரளவு விடை தந்தது. முதல் மூன்றிலும் மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தைத்தான் தொழிலாளர்கள் அரபிக் கடலில் எறியச் சொன்னார்கள்.